மாமனார் கொடுத்த செட்

"அப்பா கள்ளக்குறிச்சிக்கு வந்துட்டாராம். செட்டு எங்க?" என்றாள் ஜெயசுதா.

"மலையிலேர்ந்து எறங்கிக்கினு இருக்கு" என்றான் இளவரசன்.

"அதுக்குக் காலு மொளைச்சிருச்சா?"

"தம்பி வண்டியில வெச்சி எடுத்துக்கினு வரான் ஜெயா. கச்சிராயபாளையம் தாண்டினா போன் பண்றேன்னான்."

"பண்ணானா?"

"பண்ணல."

ஜெயசுதா கையிலிருந்த கரண்டியோடு ஹாலுக்கு வந்து டி.வி.க்குக் கீழே பார்த்தாள். அங்கே புது ஹோம் தியேட்டர் ரிசீவர் கறுப்பாக, ஒல்லியாக, இன்றைக்கென்று கூடுதல் பளபளப்போடு உட்கார்ந்திருந்தது. அங்கே இருக்க வேண்டியது பழையது. ஸ்பீக்கர்களையெல்லாம் கட்டி மேய்க்கிற அந்தப் பெட்டியைத்தான் அவளுடைய அப்பா அய்யனார் கல்யாணச் சீரில் கட்டில், பீரோ, கிரைண்டரோடு சேர்த்துக் கொடுத்தார். பந்தலில் பரப்பி வைத்த சீரில் சொந்தக்காரர்கள் வரிசையாக வந்து தொட்டுப் பார்த்தது கட்டிலையும் பீரோவையும் அல்ல, அந்தப் பெட்டியைத்தான்.

அய்யனாருக்குக் களமருதூரில் நெல் விவசாயம். கொடுத்த பொருளைப் பற்றிக் கேட்கிற பழக்கம் அவருக்கு இல்லை. பார்க்கிற பழக்கம் உண்டு. பங்காளி ஒருவருக்குக் கொடுத்த கன்றுக்குட்டி சந்தைக்குப் போய்விட்டது என்று தெரிந்த நாளிலிருந்து அந்தப் பங்காளியோடு அவருக்குப் பேச்சு இல்லை. "குடுத்த பொருளை எப்படி வெச்சிருக்கான்னு பாரு. பொண்ணை எப்படி வெச்சிருப்பான்னு தெரியும்" என்பது அவருடைய வேதம்.

இன்றைக்கு அந்த வேதத்தில்தான் பரீட்சை. இளவரசனின் தம்பி தமிழழகனும் ஜெயசுதாவின் தங்கை சுபஸ்ரீயும் ஒருவரையொருவர் விரும்பித் தொலைத்திருந்தார்கள். உளுந்தூர்பேட்டைப் பக்கமிருந்து வேறொரு இடம் சுபஸ்ரீயைக் கேட்டு வந்து நின்றது. "மொதல்ல பெரியவ வூட்டுக்கு ஒருவாட்டி போய்ப் பாத்துட்டு வரேன். அப்புறம் சொல்றேன்" என்று அய்யனார் சொல்லிவிட்டார். எதைப் பார்க்கப் போகிறார் என்று அவர் சொல்லவில்லை. ஜெயசுதாவுக்குச் சொல்லவும் வேண்டியதில்லை.

பழையது எப்படி மலைக்குப் போனது என்பதையும் சொல்லிவிட வேண்டும். அந்தப் பெட்டியைத் தூக்க இரண்டு ஆள் வேண்டும். பாட்டுப் போட்டால் மத்தளம் நெஞ்சுக்குள் விழும். ஆனால் இளவரசன் போன தீபாவளிக்குப் புது டி.வி. வாங்கினான். டி.வி.யில் இருந்த வயர் செருகுகிற ஓட்டை பெட்டியில் இல்லை, பெட்டியில் இருந்த ஓட்டை டி.வி.யில் இல்லை; இரண்டுக்கும் பேச்சுவார்த்தையே கிடையாது என்றாகிவிட்டது. ஒருநாள் கரும்புக்கு உரம் வாங்கக் கள்ளக்குறிச்சிக்குப் போனவன், உரத்தோடு ஒரு புது ரிசீவரையும் வாங்கிக்கொண்டு வந்தான். அது டி.வி.யோடும் பேசும், போனோடும் பேசும். சத்தம் மட்டும் கொஞ்சம் ஒல்லி.

"இந்த வூட்டுல ரெண்டு செட்டுக்கு எடமில்ல. எதுன்னு முடிவு பண்ணுங்க" என்றாள் ஜெயசுதா.

அதுதான் இளவரசனுக்கு வராது. சட்டைக் கடையில் இரண்டு சட்டையையும் கையில் வைத்துக்கொண்டு மூன்றாவதை வாங்கிக்கொண்டு வருகிறவன் அவன். காலையில் பழையதை மாட்டிக் கேட்பான், சாயங்காலம் புதியதை மாட்டிக் கேட்பான். பழையதில் கேட்கும்போது புதியதின் வசதி ஞாபகம் வரும். புதியதில் கேட்கும்போது பழையதின் கனம் ஞாபகம் வரும். இரண்டு சமயத்திலும் எதிர்வீட்டுக் காசியம்மாள் தவறாமல் வாசலில் வந்து நிற்பாள். "இன்னாப்பா இது, என் வூட்டு அலமாரியில டம்ளரு நடந்து போவுது" என்பாள்.

கடைசியில் முடிவெடுக்கத் தெரியாதவர்கள் செய்கிற காரியத்தையே அவனும் செய்தான். தள்ளிப் போட்டான். கல்வராயன் மலைவரைக்கும் தள்ளிப் போட்டான். தமிழழகனுக்கு வெள்ளிமலையில் கூட்டுறவுச் சங்கத்தில் வேலை. அங்கேயே ஒரு அறை எடுத்துத் தங்கியிருந்தான். "கொஞ்ச நாளு ஒன் ரூம்ல இருக்கட்டும்டா" என்று பழையதை அவனிடம் ஏற்றி அனுப்பிவிட்டான். இன்று காலை மாமனார் போன் செய்து "வரேன்" என்றதும், அதே செட்டை "உடனே எறக்குடா" என்றான்.

வாசலில் வண்டிச் சத்தம் கேட்டது. தமிழழகன் தலையிலிருந்து செருப்புவரை நனைந்துபோய் நின்றான். பின்சீட்டில் மரவள்ளிக் கிழங்குச் சாக்கில் சுற்றிக் கயிறு போட்டுக் கட்டிய மூட்டை இருந்தது.

"மலையில மழைண்ணா" என்றான்.

"செட்டு?"

"அதுவும் என்கூடத்தானே வந்துச்சி."

சாக்கைப் பிரித்ததும் பெட்டியின் மூலையிலிருந்து தண்ணீர் சொட்டியது. துடைத்துவிட்டு மின்சாரம் கொடுத்தார்கள். பச்சை விளக்கு எரிந்தது. இளவரசன் நிம்மதியாகச் சிரித்து முடிப்பதற்குள், எரிந்தது விளக்கு மட்டும்தான் என்று தெரிந்தது. சத்தம் ஒரு பொட்டு வரவில்லை.

கள்ளக்குறிச்சியில் செட் ரிப்பேர் பார்க்கும் பாவாடைக்குப் போன் போட்டான். பாவாடை ஒரு கல்யாண மண்டபத்தில் மைக்கோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்.

"தண்ணி பூந்துருச்சா? அரிசியில போட்டு வைங்க. செல்போனுக்கெல்லாம் அதான் வைத்தியம்."

"இது செல்போன் இல்லியே பாவாடை. தூக்கறதுக்கே ரெண்டு ஆளு வேணும்."

"அப்ப அரிசி ஜாஸ்தியா போடுங்க" என்று பாவாடை போனை வைத்துவிட்டார்.

சமையலறையில் அரிசி டிரம் இருந்தது. அண்ணனும் தம்பியும் செட்டை அதற்குள் இறக்கி, மேலே அரிசியைப் போட்டு மூடினார்கள். ஜெயசுதா தரையில் சிந்திய அரிசியைக் கூட்டி அள்ளினாள்.

தமிழழகன் தலையைத் துவட்டிக்கொண்டே மெதுவாகக் கேட்டான். "அண்ணி, எங்களுக்கு முடிவாச்சுன்னா எனக்கும் சீருல செட்டு வருமா?"

"வராம? எங்கப்பா ஒரு கண்ணுல வெண்ணெ, ஒரு கண்ணுல சுண்ணாம்பு வெக்கிற ஆளு இல்ல. எனக்கு பல்லு புடுங்கன அன்னைக்கு அவளையும் அந்த நாற்காலியில ஒக்கார வெச்சி ஒண்ணு புடுங்கச் சொன்னவரு. எனக்கு இன்னாவோ அதான் அவளுக்கும்."

"இப்ப வர்றதுன்னா புது மாடலாத்தான் வரும், இல்ல?"

"மொதல்ல பொண்ணு வரட்டும்" என்றாள் ஜெயசுதா. அவன் வாயை மூடிக்கொண்டான்.

போன் அடித்தது. அய்யனார்தான். கள்ளக்குறிச்சியில் வேலை முடிந்தது, சங்கராபுரத்துக்கு, உங்கள் வீட்டுக்குத்தான், வந்துகொண்டிருக்கிறேன் என்றார். செட்டை அவசரமாக டிரம்மிலிருந்து வெளியே எடுத்தார்கள். ஈரம் போயிருந்தது. ஆனால் மேல்மூடியில் காற்றுப் போக விட்டிருந்த கீற்றுகள் வழியாக அரிசி உள்ளே போய்விட்டது. அசைத்தால் உள்ளே அரிசி களைகிற சத்தம் வந்தது. கரண்ட் கொடுத்தால் அந்தச் சத்தமும் இல்லை.

"போச்சு" என்று இளவரசன் தரையில் உட்கார்ந்துவிட்டான். "என்னால ஒரு கல்யாணம் நிக்கப் போவுது."

அவனுக்கு உண்மையாகவே கண் கலங்கியது. தம்பி இதுவரை அவனிடம் வாய்விட்டுக் கேட்டது ஒன்றே ஒன்றுதான். அதுவும் ஒரு பெட்டியால் போகிறது.

"அண்ணா, சினிமாவுல பாடறது ஒருத்தரு, வாயசைக்கிறது ஒருத்தருதானே?" என்றான் தமிழழகன். "பழசு மேல இருக்கட்டும். புதுசு எங்கியாவது ஒளிஞ்சிக்கினு பாடட்டும்."

ஆழம் தெரியாமல் காலை விடுவதற்கு அந்தக் குடும்பத்தில் எப்போதும் ஆள் உண்டு. ஹாலில் சீர்க்கட்டில் கிடந்தது. புதிய ரிசீவரை அதற்கடியில் தள்ளி, ஸ்பீக்கர் வயரையெல்லாம் அதில் மாட்டினார்கள். ஒரு சின்ன ஸ்பீக்கருக்கு மட்டும் வயர் எட்டவில்லை. அதையும் கட்டிலுக்கடியிலேயே தள்ளிவிட்டார்கள். மேலே போர்வையைத் தரைவரை தொங்கவிட்டார்கள். பழையதை டி.வி.க்குக் கீழே வைத்துத் துடைத்து, விளக்கை எரியவிட்டார்கள்.

"எங்கப்பா ரிமோட்டைக் கேட்டாருன்னா?" என்றாள் ஜெயசுதா.

பழைய ரிமோட்டை அவரிடம் கொடுப்பது, புதிய ரிமோட்டோடு ஜெயசுதா கட்டில் ஓரமாகத் தரையில் உட்காருவது, அவர் அமுக்கும்போதெல்லாம் இவளும் அமுக்குவது என்று முடிவாயிற்று. ரிமோட்டை மறைக்க ஒரு முறமும், முறத்தில் போட ஒரு படி பூண்டும் தயாராயின.

அய்யனார் பஸ்ஸில் வரவில்லை. ஒரு குட்டியானை வண்டி வாசலில் வந்து நின்றது. டிரைவர் பழனியின் பக்கத்திலிருந்து வெள்ளை வேட்டியும் துண்டுமாக இறங்கினார். பின்பக்கம் தார்ப்பாய் போட்டுக் கட்டியிருந்தது.

"பழனி, அரிசி மூட்டையை மட்டும் எறக்கு. மிச்சம் அப்படியே இருக்கட்டும். அப்புறம் பாத்துக்கலாம்" என்றார்.

மிச்சம் என்ன, யாருக்கு என்று இளவரசன் தார்ப்பாயையே பார்த்தான். உளுந்தூர்பேட்டைக்காரர்களுக்கா? அந்த இடத்தை முடித்துவிட்டுத் தாம்பூலத்தோடுதான் கிளம்பியிருக்கிறாரா?

அய்யனார் உள்ளே வந்து கட்டிலில் உட்கார்ந்தார். வீட்டில் வேறு நாற்காலி இல்லாமல் இல்லை. கட்டிலும் அவர் கொடுத்ததுதான். அதைச் சோதிக்கிற மாதிரி நடுவில் அழுத்தி உட்கார்ந்தார். தண்ணீர் குடித்தார். பிறகு நிமிர்ந்து டி.வி.க்குக் கீழே பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

"இன்னும் அதான் இருக்குதா?" என்றார்.

"வேற எது மாமா இருக்கும்?" என்றான் இளவரசன்.

"பழசாயிடுச்சி இல்ல?"

"பழசா? எனக்கு அது நேத்து வந்த மாதிரி இருக்குது."

"புது மாடலுங்க நெறைய வந்திருக்குதாமே. போனுலேர்ந்தே பாடுதாம்."

ஆழம் பார்க்கிறார் என்று இளவரசனுக்குப் புரிந்துவிட்டது. "நமக்கு எதுக்கு மாமா அதெல்லாம்? போனு பேசறதுக்கு. செட்டு பாடறதுக்கு."

அய்யனார் தாடையைத் தடவினார். ஏதோ சொல்ல வந்து நிறுத்திக்கொண்ட மாதிரி இருந்தது. "சரி, பாடச் சொல்லுங்க. கேப்போம்" என்றார்.

தமிழழகன் போனில் கூத்துப் பாட்டு ஒன்றைத் தேடிப் போட்டுவிட்டு, போனைச் சட்டைப் பையில் மறைத்தான். கட்டிலுக்கடியில் புதியது பிடித்துக்கொண்டது. மத்தளமும் ஆர்மோனியமும் ஹாலை நிறைத்தன. அய்யனார் பழைய ரிமோட்டைக் கையில் எடுத்துச் சத்தத்தைக் கூட்டினார். ஜெயசுதா ஒரு கையால் பூண்டை உரித்துக்கொண்டே முறத்துக்கடியில் கூட்டினாள். அவர் குறைத்தார். அவள் குறைத்தாள். அவர் விரலையே பார்த்து அவள் உரித்ததில் தோல் ஒரு பக்கமும் பூண்டு குப்பைப் பக்கமும் போய்க்கொண்டிருந்தன.

"சத்தம் கொஞ்சம் ஒல்லியாக் கேக்குதே" என்றார் அய்யனார்.

"வயசாவுது இல்ல மாமா" என்றான் தமிழழகன்.

இளவரசன் அவனைப் பார்த்த பார்வையில் அவன் சுவரோடு ஒட்டிக்கொண்டான்.

"ஆமாமா. வயசானா மாத்தறதுதானே முறை?" என்றார் அய்யனார், இளவரசனையே பார்த்துக்கொண்டு.

அந்த நேரம் பார்த்து கரண்ட் போயிற்று. வாழ்க்கையில் முதன்முறையாக மின்வெட்டுக்கு அவன் மனதுக்குள் நன்றி சொன்னான்.

"சரி மாமா, சாப்பிடலாம் வாங்க" என்று அவரை எழுப்பப் பார்த்தான். அவர் எழுந்திருக்கவில்லை. அதற்குள் கரண்ட் திரும்பி வந்துவிட்டது. பழைய செட்டில் பச்சை விளக்கு எரிந்தது. அய்யனாரின் காலுக்கடியிலிருந்து ஒரு பெண் இங்கிலீஷில் தெளிவாக, "வெல்கம். புளூடூத் ரெடி" என்றாள்.

அய்யனார் இரண்டு காலையும் மெதுவாகக் கட்டில்மேல் தூக்கி வைத்துக்கொண்டார்.

"கட்டிலுக்கடியில பொம்பளை யாரு?" என்றார்.

"யாருமில்ல மாமா."

"கொரலு கேட்டுச்சே மாப்ள. ஜெயா, நீ கேட்டியா இல்லியா?"

ஜெயசுதா இன்னொரு பூண்டை எடுத்து உரித்தாள். அய்யனார் குனிந்து போர்வையை விலக்கினார். உள்ளே நீல விளக்கோடு புதிய ரிசீவர் உட்கார்ந்திருந்தது.

ஜெயசுதாதான் எழுந்தாள். பொய் சொல்லிப் பழக்கமில்லாதவள் அவள். ஆனால் தங்கைக்காகச் சொன்னாள்.

"அது எதிர்வூட்டு காசியம்மாக்காவோடதுப்பா. புதுசா வாங்கனாங்க. சரியா பாடுதான்னு பாக்கச் சொல்லிக் குடுத்தாங்க. அதான் நம்ம ஸ்பீக்கர்ல மாட்டிப் பாத்தோம்."

"கட்டிலுக்கடியிலயா?"

"நம்ம செட்டு இருக்கற எடத்துல அதை வெக்க இவருக்கு மனசு வரலப்பா."

இளவரசன் தன் மனைவியைக் கையெடுத்துக் கும்பிடாத குறையாகப் பார்த்தான். ஆனால் வம்பு வாசல் வழியாக வந்துகொண்டிருந்தது. கூத்துச் சத்தம் கேட்டு வழக்கம்போலச் சண்டை போடக் காசியம்மாள் படியேறி வந்தாள்.

"இன்னாப்பா இது, என் அலமாரியில..."

"அக்கா, ஒங்க செட்டு நல்லா இருக்குதுக்கா. பாத்துட்டோம். எடுத்துக்கினு போங்க" என்றாள் ஜெயசுதா.

காசியம்மாள் ஜெயசுதாவைப் பார்த்தாள். கட்டிலில் காலைத் தூக்கி வைத்திருந்த பெரியவரைப் பார்த்தாள். வேர்த்து நின்ற இளவரசனைப் பார்த்தாள். பிறகு கட்டிலுக்கடியில் நீல விளக்கைப் பார்த்தாள். உலகம் தெரிந்தவள், அவளுக்கு விளக்கம் எதுவும் தேவைப்படவில்லை.

"ஆமா, எங்களுதுதான்" என்றாள். "ரிமோட்டு எங்க?"

ஜெயசுதா முறத்துக்கடியிலிருந்து எடுத்துக் கொடுத்தாள்.

"இதுக்கு ஒரு அட்டைப் பொட்டி இருக்குமே?"

"அதை அப்புறம் குடுத்தனுப்பறேங்க்கா" என்றான் இளவரசன்.

அய்யனார் குனிந்து புதிய ரிசீவரைத் தொட்டுப் பார்த்தார். முகத்தில் ஒரு பிரியம் தெரிந்தது. "கள்ளக்குறிச்சியில இன்னைக்கு ஒரு கடைக்குப் போயிருந்தேன் மாப்ள. இதே மாதிரிதான் அங்க அடுக்கி வெச்சிருந்தான்."

இளவரசன் வாங்கிய கடையாகத்தான் அது இருக்க வேண்டும். கடைக்காரன் சொல்லியிருப்பானோ? உங்கள் மாப்பிள்ளை ஒன்று வாங்கிக்கொண்டு போனாரே என்று வாய் தவறிச் சொல்லியிருந்தால்?

"இவ்வளவு அம்சமான பொருளு வூட்டுக்குள்ளயே கிடந்தும் ஒங்களுக்கு ஒரு ஆசை வரலியா?" என்றார் அய்யனார்.

"ஆசையா மாமா? அதை எப்ப எடுத்துக்கினு போவாங்கன்னு இருந்தேன்" என்றான். காசியம்மாள் ரிசீவரை இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு, மாட்டியிருந்த வயர்களைப் படார் படாரென்று பிடுங்கிப் போட்டுவிட்டு நடந்தாள். வாசலில் ஒருமுறை திரும்பி, "சத்தமா வெச்சாதான் நல்லா இருக்கும், இல்ல?" என்று கேட்டுவிட்டுப் போனாள்.

"வயரு லூசாயிடுச்சி" என்று முணுமுணுத்துக்கொண்டே தமிழழகன் எல்லா வயரையும் பழைய செட்டில் மாட்டினான். வேறு வழியில்லை. போனை வைத்துக்கொண்டு இனிப் பயனில்லை; பழையதற்குப் புளூடூத் என்றால் என்னவென்று தெரியாது. டி.வி.டி. பிளேயரைத் தூசு தட்டி இணைத்து, தட்டில் ஒரு கூத்து சி.டி.யைப் போட்டான்.

பச்சை விளக்கு எரிந்தது. சத்தம் இல்லை.

அய்யனார் ரிமோட்டை அமுக்கினார். மறுபடி அமுக்கினார். ஜெயசுதா கண்ணை மூடிக்கொண்டாள். காலையில் சுபஸ்ரீ போனில் அழுத குரல் அவளுக்குக் காதில் கேட்டது. இளவரசன் வாயைத் திறந்தான். உண்மையைச் சொல்லிவிடுவது, காலில் விழுவது, தம்பிக்காகக் கெஞ்சுவது என்று முடிவே செய்துவிட்டான். அவன் வாழ்நாளில் தள்ளிப் போடாமல் எடுத்த முதல் முடிவு அதுதான்.

ஆனால் அய்யனார் எழுந்துவிட்டார். நேராகச் செட்டிடம் போனார். துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, பெட்டியை இரண்டு கையாலும் பிடித்து முன்பக்கமாகச் சாய்த்து, அதன் வலப்பக்க விலாவில் ஓங்கி ஒரு அறை விட்டார்.

கீற்றுகள் வழியாக அரிசி பொலபொலவென்று கொட்டியது.

"இன்னா மாப்ள, அரிசி கொட்டுது?"

"பூசை பண்றோம்பா" என்றாள் ஜெயசுதா. ஒரு பொய் சொன்னவளுக்கு அடுத்தது சுலபமாக வந்தது. "வெள்ளிக்கிழமையில பொட்டு வெச்சி அட்சதை போடுவோம்."

அய்யனார் கையில் கொஞ்சம் அரிசியோடு அப்படியே நின்றார். அவர் கண் மினுங்கியது. இன்னொரு அறை விட்டார்.

செட் பேசியது. சாதாரணமாகப் பேசவில்லை. மத்தளத்தின் முதல் அடி தரையில் இறங்கி, எல்லார் காலிலும் ஏறி, நெஞ்சில் வந்து நின்றது. கட்டியக்காரனின் குரல் பக்கத்தில் நின்று பேசுகிற மாதிரி கனமாக வந்தது. எதிர்வீட்டில் டம்ளர் நடந்திருக்க வேண்டும். இளவரசனுக்கு மயிர்க்கூச்செறிந்தது. இதைவிட்டுவிட்டா அந்த ஒல்லியனுக்கு ஆசைப்பட்டோம் என்று நினைத்தான். இத்தனை நாள் மாட்டி மாட்டிக் கழற்றியும் வராத முடிவு, மாமனார் விட்ட ஒரு அறையில் வந்துவிட்டது.

அய்யனார் சத்தத்தைக் குறைத்தார். இந்த முறை ரிமோட் உண்மையாகவே வேலை செய்தது.

"மாப்ள, ஒரு விசயம் சொல்றேன், தப்பா எடுத்துக்காதீங்க. இந்த செட்டு சீருல வெக்கறதுக்கு முன்னால ஒரு வாரம் எங்கூட்டுல ஓடிச்சி. அப்பவே இந்த வியாதி இருந்துச்சி. தட்டினாத்தான் பேசும். கடையில மாத்தலாம்னா முகூர்த்தம் நெருங்கிடுச்சி. சொல்லாம வெச்சிக் குடுத்துட்டேன்." அவர் தரையைப் பார்த்தார். "அன்னையிலேர்ந்து உறுத்திக்கினே இருக்குது. கோளாறு பொருளைக் குடுத்துட்டோம், மாப்ள மனசுக்குள்ள இன்னா நெனைக்கிறாரோன்னு. அதான் கேக்கறேன். மனசுல கிடக்கறதைச் சொல்லுங்க. இதை மாத்திட்டு புதுசா ஒண்ணு வெக்கலாம்னு ஒங்களுக்குத் தோணவே இல்லியா?"

கடைசிப் பரீட்சை இதுதான் என்று இளவரசனுக்குத் தெரிந்தது. கொஞ்சம் முன்பு வரை பயத்தில் புளுகியவன், இப்போது பாதி உண்மையோடே செட்டின் தலையில் ஓங்கிக் கையடித்தான்.

"மாமா, இது மேல சத்தியம். நீங்க குடுத்தது இருக்கறவரைக்கும் வேற செட்டு இந்த வூட்டு வாசப்படி ஏறாது. யாராவது சும்மா கொண்டாந்து குடுத்தாக்கூட கையால தொட மாட்டேன்."

"ஆமாம்பா. எனக்கும் அப்படித்தான்" என்றாள் ஜெயசுதா.

தமிழழகனுக்கு இந்த நேரத்தில் தானும் ஏதாவது நல்லதாகச் சொல்லாவிட்டால் சுபஸ்ரீ கைவிட்டுப் போய்விடுவாள் என்று தோன்றியது. முன்னால் வந்து அவனும் அண்ணன் கைமேல் கையை வைத்தான். "எனக்கும் பழசுதான் மாமா புடிக்கும். புதுசு வேணவே வேணாம்."

அய்யனார் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "போதும் மாப்ள. கோளாறு பொருளையே இப்படி சாமி மாதிரி வெச்சிருக்கற வூட்டுக்கு, இன்னொரு பொண்ணைக் கண்ணை மூடிக்கினு குடுக்கலாம். உளுந்தூர்பேட்டைக்காரங்களுக்கு நாளைக்கே சொல்லியனுப்பிடறேன். ஆவணியில தட்டு மாத்திக்கலாம்."

ஜெயசுதா அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். தமிழழகன் அவர் காலைத் தொட்டுவிட்டு, யாருக்கும் தெரியாமல் சுபஸ்ரீக்குப் போன் போடப் பின்கட்டுக்கு ஓடினான். எதிர்வீட்டில் எங்கிருந்து ஸ்பீக்கர் கிடைத்ததோ, "வெல்கம். புளூடூத் ரெடி" என்ற குரல் தெருவே கேட்கும்படி எழுந்தது. இளவரசனுக்கு அது துளிகூட வலிக்கவில்லை. ஒரு புதுப் பெட்டி போனால் போகட்டும், தம்பி கல்யாணம் நடக்கிறது, இதைவிட மலிவாக யாருக்கு நடக்கும் என்று நினைத்துக்கொண்டான்.

அய்யனார் சாப்பிட்டு முடித்து, திருப்தியாக வெற்றிலை போட்டுக்கொண்டு வாசலுக்கு வந்தார். மாப்பிள்ளையும் மகளும் வழியனுப்பக் கூடவே வந்தார்கள். தமிழழகனும் சிரித்த முகத்தோடு வந்து நின்றான்.

"பழனி, தார்ப்பாயை இறுக்கிக் கட்டு. வந்த வழியே போவணும்" என்றார் அய்யனார்.

பழனி தார்ப்பாயைப் பிடித்துக்கொண்டு திகைத்து நின்றான். "அப்ப பெரிய மாப்பிள்ளைக்கு ஒண்ணு, சின்ன மாப்பிள்ளைக்கு ஒண்ணுன்னு பாத்துப் பாத்து எடுத்தீங்களே, அந்தப் புது செட்டு ரெண்டையும் கடையிலயே திருப்பிக் குடுத்துடப் போறீங்களா ஐயா?"